வாசலுக்கு வராத புரதம்

முத்துப்பேச்சியின் மூத்த பிள்ளை ஒருநாளும் அழுது ஊரைக் கூட்டியதில்லை. பிறந்த அன்று பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான். அதற்கப்புறம் ஏழு மாதமும் அந்த அளவுதான். பாலுக்கு வாய் வைப்பான், நாலு இழுப்பு இழுப்பான், களைத்துப்போய் விட்டுவிடுவான். கண்ணைப் பாதிக்கு மேல் திறந்து யாரும் பார்த்ததில்லை. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த பெண்கள், "சமத்து, தூங்குமூஞ்சிப் பய" என்று கொஞ்சினார்கள். ஏழாம் மாதம் சளி பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது தொட்டில் அசையவில்லை என்பதை முத்துப்பேச்சி கவனித்தாள். ஓடிப்போய்த் தூக்கினாள். தலை தோளில் நிற்காமல் சரிந்தது.

மாந்தம் என்று சொன்னார்கள். வேறு காரணம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து போடி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் சாயங்காலம், பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். இமை இரண்டும் பாதி இறங்கி நின்றன. காலையில் இருந்ததைவிட இப்போது இன்னும் கீழே.

"மச்சான், இவளுக்கும் அதே கண்ணு" என்றாள்.

சின்ராசு எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிறவன். அவள் புருஷன், தாய்மாமன் மகன். "சும்மா கெட. பச்சப்பிள்ளைக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்று அதட்டினான். ஆனால் கட்டிலைச் சுற்றி வந்து, இவள் இருந்த பக்கமே நின்று, அவனும் அந்த இமைகளைத்தான் பார்த்தான். 

முத்துப்பேச்சி பத்தாவது வரை படித்தவள். எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் பிரிக்கும் வேலை. வெடித்த காய், நிறம் வெளுத்த காய், சுருங்கின காய் என்று விரல் தானாக ஒதுக்கிக்கொண்டே போகும். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று சூப்பர்வைசர் முதல் எல்லோருக்கும் தெரியும். "புள்ளைக்குச் சத்து பத்தல" என்று போடியில் சொன்னபோது அவள் அங்கே நிற்கவில்லை. தேனிக்குப் போனாள். தேனியில் கையைப் பிசைந்தார்கள். மதுரைக்குப் போனாள். அங்கேதான் குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர் ரேணுகாவைப் பார்த்தாள். அப்போது பிள்ளை அருள்மொழிக்கு நான்கு மாதம்.

ரேணுகா குழந்தையின் காலில் சின்னச் சின்னதாக மின்சாரம் வைத்துப் பார்த்தார். திரையில் ஏறி இறங்கிய கோடு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது.

"நரம்பு நல்லாத்தான் இருக்கும்மா. அது கூப்பிடுது. சதைக்குத்தான் சரியா கேக்கல" என்றார். பிறகு வீட்டு விவரமெல்லாம் கேட்டார். சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்டார். ஆமாம் என்று முத்துப்பேச்சி சொல்லும்போது சின்ராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நரம்பு அனுப்பும் ரசாயனச் செய்தி சீக்கிரம் கரைந்துபோகாமல் நிறுத்திவைக்க ஒரு மாத்திரை உண்டு. அதைப் பொடித்துக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக இறங்கியது. நெஞ்சுக்குள் கொரகொரவென்றது. உதடு நீலம் பாய்ந்தது. நர்சுகள் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு முத்துப்பேச்சியின் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. ஐந்து நாள் அவள் அந்தக் கதவைவிட்டு நகரவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கை வந்த அன்று ரேணுகா அவர்களை உட்காரவைத்துப் பேசினார். பக்கத்தில் முப்பது வயதுக்குள் ஒரு பெண், கையில் நோட்டுடன்.

"இவங்க சிவரஞ்சனி. ஆராய்ச்சிக்கூடத்துல இருக்காங்க. உங்க பொண்ணோட விஷயம் இப்ப இவங்க கையிலதான் இருக்கு."

சிவரஞ்சனி நாற்காலியை இழுத்து முத்துப்பேச்சியின் எதிரே போட்டுக்கொண்டாள். "எந்தப் பக்கம்க்கா?"

"போடி. இப்ப மேல எஸ்டேட்டுல."

"நான் போடிக்குப் பக்கத்துல, ராசிங்காபுரம்" என்றாள் அவள். அதுவரை முத்துப்பேச்சியின் வாயில் இருந்த 'மேடம்' அந்த இடத்தில் உதிர்ந்துபோனது.

சிவரஞ்சனி சுற்றிவளைக்காமல் சொன்னாள். சதையின் ஒவ்வொரு செல்லுக்கும் மேல்தோல் மாதிரி ஒன்று உண்டு. நரம்பின் செய்தியை வாங்குகிற ஏற்பிகள் அதில் பதிந்திருக்கும். ஒரு ஏற்பி என்பது ஐந்து துண்டுகள் ஒன்றுசேர்ந்தது. அந்தத் துண்டுகள் செல்லுக்கு உள்ளே நீளமான நூல் மாதிரிப் பிறக்கின்றன. பிறந்த நூல் சரியாக மடிந்தால்தான் துண்டாகும். மடிவதற்கு உதவி செய்யவென்றே உள்ளே வேறு புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் துணைப் புரதங்கள் என்று பெயர். புதிதாய்ப் பிறந்த துண்டைப் பிடித்துக்கொள்ளும். மடிந்ததா, கூட்டாளித் துண்டுகள் வந்து சேர்ந்தனவா என்று பார்த்துத்தான் விடும். கோணலாக மடிந்திருந்தால் விடவே விடாது. செல் கடைசியில் அதை உடைத்துப்போடும்.

"அருள்மொழிக்கு அந்த அஞ்சு துண்டுல ஒண்ணுல, ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. இதே மாற்றத்தை வேற யாரும் எழுதிவச்சதா இதுவரைக்கும் எங்க கண்ணுல படல. ரெண்டுல ஒண்ணு நடக்கலாம்க்கா. அந்தத் துண்டு உள்ளயே மாட்டிக்கிட்டு, மேல வர்ற ஏற்பி கொறஞ்சு போயிருக்கலாம். அப்பிடின்னா அந்த மாத்திரை நல்லது. இருக்கிற கொஞ்ச ஏற்பிக்கும் செய்தி ரொம்ப நேரம் கேக்கும். இல்லன்னா, ஏற்பி மேல வந்திருது, ஆனா தொறந்த கதவு மூடாம நிக்குது. அது ரொம்ப அபூர்வம். ஆனா அதுதான்னா அதே மாத்திரை ஆளைக் கொன்னுரும்."

"பெரும்பாலும் முதல்ல சொன்னதாத்தான் இருக்கும்" என்றார் ரேணுகா. "ஆனா போன தடவை நடந்ததைப் பாத்தப்பறம் எனக்கு ஊகத்துல குடுக்கப் பயமா இருக்கும்மா."

முத்துப்பேச்சி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறதைப் போயி யாரு பாக்கிறது?"

"நான்தான்" என்றாள் சிவரஞ்சனி. கிண்ணத்தில் வளரும் மனித செல்களுக்குள் அருள்மொழியின் எழுத்துமாற்றத்தோடு அந்தத் துண்டைச் செய்யவைக்க வேண்டும். துணைப் புரதத்தைத் தனியே பிடித்து இழுத்தால் அந்தத் துண்டும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே எத்தனை ஏற்பி வந்திருக்கிறது என்று எண்ண, கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் விஷத்தில் ஒரு பொருள் இருக்கிறது, அது ஏற்பியில் போய் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்றாள்.

"கட்டுவிரியன் வெசமா?" சின்ராசு அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தான். தோட்டத்தில் ஏலச்செடித் தூருக்குள் கைவிடுகிறவர்களை அது என்ன செய்யும் என்று பார்த்தவன் அவன்.

"ஆமாண்ணே. சதைக்கு நரம்பு சொல்றது கேக்கவிடாமப் பண்றதாலதான கடிபட்டவங்களுக்கு இமை தொங்குது, மூச்சு நிக்குது. அது போயி ஒட்டுற எடமும் நாங்க தேடுற எடமும் ஒண்ணுதான்."

மூன்று மாதம் ஆகும் என்றாள். அதுவரை பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாது. முகத்தில் வைத்து அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளும் ரப்பர்ப் பை ஒன்றை ரேணுகா கொடுத்தார். ஒரு பொம்மையை வைத்து நர்சு கற்றுக்கொடுத்தாள். முத்துப்பேச்சி பொம்மையின் மார்பு ஏறி இறங்குவதை நாற்பது தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மேலே மழைக்காலம். லயத்துச் சுவரெல்லாம் ஈரம். முத்துப்பேச்சி ஸ்டோருக்குப் போவதை விட்டுவிட்டாள். தும்மியவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். அதனால் இரண்டு பேருடன் சண்டை வந்தது. தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது அவளுக்குக் கண் சிமிட்டுவது மாதிரி ஆகிவிட்டது. சின்ராசுவின் அக்கா போடியிலிருந்து போன் செய்து, ரத்தம் ஒத்துவரவில்லை, தம்பிக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றாள். சின்ராசு, "ரத்தம் எனக்கும் அதேதான, அப்ப எனக்குப் பதிலா யாரைப் பாப்ப?" என்று கேட்டுவிட்டு வைத்தான். அதை அவன் முத்துப்பேச்சியிடம் சொல்லவில்லை. அடுத்த வீட்டுச் சோலையம்மாள்தான் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமைகளில் சிவரஞ்சனி போன் செய்வாள். முதல் மாதக் கடைசியில் குரல் இறங்கியிருந்தது. கிண்ணங்களில் பூஞ்சை விழுந்து அத்தனை செல்லும் செத்துப்போயிற்று. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாம் மாதம் பாதியில், வெள்ளி இல்லாத ஒரு நாளில் போன் வந்தது.

"அக்கா, உள்ளதான் நிக்குது. துணைப் புரதத்தை இழுத்தா நம்ம துண்டும் கூடவே வருது. மேல ஏற்பி பத்துல ஒண்ணு, ரெண்டுதான் இருக்கு."

முத்துப்பேச்சி போனைக் காதோடு அழுத்தினாள். "அப்ப மாத்திரை குடுக்கலாமா?"

"இல்லக்கா. மூணு தடவை தனித்தனியா செஞ்சு மூணும் ஒண்ணு போல வரணும்."

"கண்ணால பாத்துட்டீங்கள்ல. அது போதாதா?"

"நான் கலக்கினதுல ஏதாவது தப்பா இருந்தா? உங்க புள்ளைமேல நான் தப்புப் பண்ண முடியாதுக்கா."

கோபத்தில் முத்துப்பேச்சி போனைக் கட்டிலில் எறிந்தாள். அப்புறம் அவளே எடுத்து, "சரி, செய்யுங்க" என்று சொன்னாள். அந்தப்பக்கம் சிவரஞ்சனி வைக்காமல்தான் இருந்தாள்.

ஐப்பசி பிறந்த வாரம் அருள்மொழிக்கு மூக்கு ஒழுகியது.

அன்று காலை பத்து மணிக்கெல்லாம் சின்ராசு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். போடியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஒரு அறை பார்த்து வைத்திருந்தார்கள். சாமானை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று, துணிப்பையும் ரப்பர்ப் பையும் பிள்ளையுமாக ஏறினாள். போடிமெட்டைத் தாண்டும்போது எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மஞ்சு அப்படி இறங்கியிருந்தது. நாலாவது வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. ராத்திரி மழையில் ஊறிய மண் சரிந்து, ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது.

"நீ இரு. நான் பாத்துட்டு வர்றேன்" என்று சின்ராசு இறங்கினான்.

அவன் பத்து எட்டு வைத்திருக்கமாட்டான். முத்துப்பேச்சி விரலை மூக்கருகே வைத்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். பிள்ளையின் கண் பாதி திறந்து அவளைப் பார்த்தபடிதான் இருந்தது. மார்பு அசையவில்லை.

"மச்சான்!"

அந்தச் சத்தம் வளைவு முழுக்கக் கேட்டது. அதற்குள் அவள் பிள்ளையைச் சீட்டில் கிடத்தி, தலையை லேசாக நிமிர்த்தி, முகமூடியை வைத்து அழுத்திப் பையை அமுக்கியிருந்தாள். மார்பு ஏறவில்லை. சளி. வாயைத் துணியால் துடைத்து, நிமிர்த்தி, மறுபடியும் அமுக்கினாள். ஏறியது. ஒரு விரற்கடை அளவுக்கு மார்பு ஏறி இறங்கியதைப் பார்த்ததும் அவள் வேகவேகமாக அமுக்கத் தொடங்கினாள். 

முன்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு டிரைவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். கேரளத்துக்காரர், நரைத்த மீசை. ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. "மோளே, பதுக்கே, பதுக்கே. ஞான் எண்ணாம்" என்று மெதுவாக அமுக்கும்படி கையைக் காட்டிவிட்டு, ஜீப்பின் படியில் ஏறி நின்றுகொண்டு எண்ணினார். "ஒந்நு, ரெண்டு, அமுக்கு. ஒந்நு, ரெண்டு, அமுக்கு." அவர் குரலில் பதற்றமே இல்லை. முத்துப்பேச்சியின் கை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது.

வெளியே சின்ராசு ஆட்களைத் திரட்டிவிட்டான். தோட்டத்து அரிவாள்கள் கிளைகளில் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ லாரியில் சங்கிலி பூட்டினார்கள். "வெரசா இழுங்கப்பா, வெரசா!" என்று கத்தியது சின்ராசுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்படியொரு குரலை அவள் அவனிடம் கேட்டதில்லை. முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு நேரம் தெரியவில்லை. இடையில் பிள்ளை தானாக இரண்டு மூச்சு இழுத்தது. பிறகு மறுபடி நின்றது. வலது கை மரத்தபோது இடது கைக்கு மாற்றினாள்.

மரம் ஓரடி நகர்ந்தது, பிறகு இன்னும் நாலடி. ஜீப்பு ஒரு சக்கரம் மண்ணில் ஏற இடைவெளியில் நுழைந்து வெளியே வந்தது. லாரி டிரைவர் தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் எண்ணிக்கொண்டே வந்தார். முந்தலில், யாரோ போனில் சொல்லி வரவழைத்த ஆம்புலன்சு காத்திருந்தது. அவர் பேரைக்கூட அவள் கேட்கவில்லை.

தேனி ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் இறக்கி இயந்திரத்தில் போட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் ஃபைலைப் புரட்டிவிட்டு மதுரைக்குப் போன் போட்டார். முத்துப்பேச்சியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், இயந்திரத்துல எத்தனை நாள் வைக்கிறதுன்னு தெரியல. சளி ஏறிக்கிட்டே இருக்கு. அந்த மாத்திரை வகையைச் சேர்ந்த ஊசி கையில இருக்கு. ஃபைல்ல நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கு. போடலாமா, வேண்டாமா?"

"ஒரு நிமிஷம்" என்று ரேணுகா சிவரஞ்சனியையும் இணைப்பில் கூப்பிட்டார். "சிவரஞ்சனி, எத்தனை முடிஞ்சிருக்கு?"

"ரெண்டு, மேடம். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. துணைப் புரதத்தோட மாட்டிக்கிட்டு நிக்குது, மேல வர்றது ரொம்பக் கம்மி. வந்த கொஞ்சமும் தொறந்தா சரியா மூடிக்குது, அதையும் பாத்துட்டேன். மூணாவது திங்கக்கிழமைதான் தெரியும்."

 இயந்திரம் மட்டும் மூச்சு விட்டது.

"முத்துப்பேச்சி, கேக்குதா?" என்றார் ரேணுகா. "திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்கலாம். இல்ல இப்பவே போடலாம். உங்க சம்மதம் வேணும்."

முத்துப்பேச்சி போனின் அருகே குனிந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா. அன்னைக்கி மாத்திரை குடுத்தப்ப ஏன் அப்பிடி ஆச்சு?"



"நான் குடுத்த அளவு கூடிப்போச்சும்மா. மாத்திரை ஒத்துக்கிற வகை நோய்லயும் அளவு கூடினா எச்சில் ஊறி அப்பிடித்தான் ஆகும். அன்னைக்கி எனக்கு அது அளவுனாலயா, வகையினாலயான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல. இப்பத் தெரியுது. தப்பு என்மேலதான்."

இளம் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். முத்துப்பேச்சி, சின்ராசுவைப் பார்த்தாள். அவன் கையெல்லாம் மரப்பட்டைச் சிராய்ப்பு, ரத்தம் காய்ந்திருந்தது. "நீ சொல்லு பேச்சி. நீ சொல்றதுதான்" என்றான்.

"போடுங்க. ஆனா அளவைக் கொறச்சே ஆரம்பிங்க" என்றாள்.

எச்சில் ஊறாமல் இருக்க ஒரு ஊசி. பிறகு அந்த ஊசி, சிறிய அளவில். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம். பத்து. முத்துப்பேச்சி பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை வரவில்லை. பதினைந்து நிமிடம் ஆகும்போது சின்ராசு அவள் தோளைப் பிடித்தான். "கண்ணைப் பாரு."

இமை இரண்டும் ஏறிக்கொண்டிருந்தன, மெதுவாக, யாரோ நூல் கட்டித் தூக்குவது மாதிரி. கருவிழி முழுசாகத் தெரிந்தது. பெற்று எட்டு மாதமாகி அவள் தன் மகளின் முழுக் கண்ணை அன்றுதான் பார்த்தாள். அருள்மொழி விளக்கைப் பார்த்தாள், பிறகு அப்பனைப் பார்த்தாள். கால் ஒன்று வெடுக்கென்று உதைத்தது. டாக்டர், "அப்பாடா!" என்று ஓரமாய்க் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்றாவது சோதனையும் அதேதான் சொல்லிற்று. புதன்கிழமை குழாயை எடுத்தார்கள்.

தை மாதத்தில் மதுரைக்குப் போனபோது சிவரஞ்சனி முத்துப்பேச்சியை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். இருட்டு அறையில் நுண்ணோக்கியை அவள் கண்ணுக்கு ஏற்றாற்போல் இறக்கிவைத்தாள். முதலில் சாதாரணச் செல்கள். விளிம்பைச் சுற்றி, ஏற்பித் துண்டுகள் ஒளிர்ந்து, மெல்லிய பச்சைக் கோடு. அடுத்து அருள்மொழியின் எழுத்துமாற்றம் உள்ளவை. விளிம்பு ஏறக்குறைய இருட்டு. நடுவில் மட்டும் பச்சை அப்பிக் கிடந்தது.

"இதுதான் விடாமப் பிடிச்சு வச்சிருக்கிற எடம்."

முத்துப்பேச்சி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "வாசலுக்கு வரவே விடல" என்றாள். பிறகு, "விடவைக்க மருந்து இல்லையா தங்கச்சி?" என்று கேட்டாள்.

"கோணலை நிமித்துற மாதிரி சில மருந்தை வச்சு உலகத்துல பல பேரு முயற்சி பண்றாங்க. நம்ம துண்டுக்கு இன்னும் இல்ல. நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். வரும்னு பொய் சொல்லமாட்டேன்க்கா."

வெளியே வந்து படியில் நின்றபோதுதான் முத்துப்பேச்சி அந்தக் கேள்வியைக் கேட்டாள். மூத்தவனுக்கும் இதேதானா?

"அவனோட ரத்தம் ஒரு துளிகூட நம்மகிட்ட இல்லக்கா. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா அப்பிடித்தான் தோணுது."

முத்துப்பேச்சி படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சிவரஞ்சனி ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

இப்போது அருள்மொழிக்கு மூன்றரை வயது. போடியில் இருக்கிறார்கள். நடக்கப் பிந்தினாள். மாடிப்படி ஏறினால் நாலாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை. கசப்பு என்று துப்புவாள், முத்துப்பேச்சி மறுபடி பொடிப்பாள். முத்துப்பேச்சிக்கு டவுனிலேயே காய் பிரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அங்கன்வாடி டீச்சருக்கும், ஜீப்பு ஸ்டாண்டில் மேலே போய்வரும் டிரைவர்கள் அத்தனை பேருக்கும், ஒரு பொம்மையை வைத்து ரப்பர்ப் பையை அமுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். சரியாக வராதவர்களை எழுந்துபோக விடமாட்டாள். மழை பிடித்தால் இன்னும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. போன வாரம் பிள்ளை இரண்டு தும்மல் போட்டது. அன்று வேலைக்குப் போகாமல், ஃபைலையும் ரப்பர்ப் பையையும் எடுத்துக் கதவருகே வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.